சகலையின் ஒரு ரூபாய் வகுப்பு

அடுத்த வீட்டுக்காரர் கார் வாங்கினால் தாங்கிக்கொள்ளலாம். கூட வேலை பார்ப்பவருக்கு பிரமோஷன் வந்தால்கூட இரண்டு நாள் வயிறு எரிந்துவிட்டு அடங்கிவிடும். சகலை முன்னேறினால் மட்டும் மனுஷனால் தாங்கவே முடியாது. மற்றவர்களின் முன்னேற்றம் தெருவோடு போய்விடும். சகலையின் முன்னேற்றத்தை நம் மனைவியே, நம் வீட்டிலேயே, நமக்குச் சோறு போட்டுக்கொண்டே சொல்வாள்.

என் சகலை ஜெரோம், என் மனைவி செலினின் தங்கை ரோஸியைக் கட்டியவன். வயதில் என்னைவிடச் சின்னவன், தலைமுடியில் என்னைவிடப் பெரியவன். ஓசூரிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் சரளமாகப் பேசுவான். நான் தூத்துக்குடிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவன். வந்து இத்தனை வருஷமாகியும் கன்னடத்தில் எனக்குத் தெரிந்தது தலையாட்டுவது மட்டும்தான். இரண்டு பேருக்குமே கம்பெனி வேலை. அவன் பாகங்களைப் பூட்டி வண்டியாக்கும் லைனில் இருக்கிறான். நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில், க்வாலிட்டி செக்ஷனில். அதாவது குறை கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். (வீட்டில் அதையே இலவசமாகச் செய்கிறேன்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, குழம்பு ஊற்றிக்கொண்டே செலின் செய்தி வாசித்தாள். ஜெரோம் ஆன்லைனில் கன்னடம் சொல்லித் தருகிறானாம். இங்கிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் தமிழ் ஆட்களுக்காம். முதல் வாரத்துக்கு ஒரே ஒரு ரூபாய். அதற்குப் பிறகு மாதா மாதம் நூற்றுத் தொண்ணூற்றொன்பது, கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளும்.

ஒரு ரூபாய்க்குக் கிடைப்பதை எவன் மதிப்பான், வாரம் முடிந்ததும் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்றேன். முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள் என்றாள். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்றேன். (உப்பு சரியாகத்தான் இருந்தது.)

அந்த வகுப்பில் என்ன ஓட்டை என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் பிடிக்காது போலிருந்தது. சொந்தப் பெயரில் சேர முடியுமா? ஓசூர் பஸ் ஸ்டாண்டில் குடைக்கு அடியில் உட்கார்ந்து ஒருவர் சும்மா கொடுத்த சிம் ஒன்று என் போனில் இருந்தது. அந்த நம்பரில் முருகேசன் என்ற பெயரில் சேர்ந்தேன். எங்கள் இரண்டு குடும்பத்திலும் முருகேசன் கிடையாது என்பதால் சந்தேகம் வராது. பணம் ஏதோ ஒரு ஆப் வழியாகப் போவதால் ஜெரோமுக்குத் தெரிவது பெயரும் நம்பரும் மட்டும்தான்.

கேமராவை மூடிவிட்டு, மைக் ரிப்பேர் என்று எழுதிப் போட்டுவிட்டு, கம்பெனி பஸ்ஸிலேயே வகுப்பைக் கேட்டேன். ஒரு நாள் சானமாவு காட்டுப் பக்கம் யானைகள் ரோட்டைத் தாண்டுவதற்காக பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் ஜன்னலில் தொங்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் குனிந்து உட்கார்ந்து சகலையிடம் குறை தேடிக்கொண்டிருந்தேன். வாடகையை ஏற்றாதீர்கள் என்று வீட்டு ஓனரிடம் கன்னடத்தில் கெஞ்சுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நன்றாகச் சொல்லிக் கொடுத்தான். அதுதான் கொடுமை.

வாரம் முடிந்ததும் போனிலிருந்து ஆப்பை அழித்தேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கடையைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவன் முதலாளியிடம் சொல்லிவிட்டா கிளம்புகிறான்?

சில நாள் கழித்து செலின் ஆரம்பித்தாள். "ஒரு ரூபா வாரம் முடிஞ்சதும் எல்லாம் ஓடிருவாங்கன்னு சொன்னீங்களே. ஒருத்தரு மாசப் பணம் கட்டித் தங்கிட்டாராங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் அந்த ஏமாளி? பார்த்தே ஆக வேண்டும். முருகேசனாகத் திரும்பிப் போனால் முழுப் பணம் கேட்பார்களே என்று, மகள் கேம் விளையாடும் பழைய போனின் நம்பரில் பிரகாஷாகச் சேர்ந்தேன். மறுபடியும் ஒரு ரூபாய். வாரம் முழுக்கக் காத்திருந்தும் வந்ததெல்லாம் ஒரு ரூபாய் ஆட்கள், அந்த ஏமாளி வகுப்புக்கு வரவேயில்லை. வெறுத்துப்போய் ஆப்பை அழித்தேன்.

அடுத்த மாதம், இரண்டு பேர் தங்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. இந்த முறை மல்லிகா ஆனேன். என் மாமியார் தன் போனில் சத்தம் வரவில்லை என்று சரிபண்ணக் கொடுத்திருந்தார். அதில் இன்னொரு சிம் போட இடம் இருந்ததால், குடைக்காரரிடம் மேலும் ஒரு சிம் வாங்கிச் செருகினேன். அதன் பிறகு மூன்று பேர் என்றாள். செக்ஷன் டிராயரில் கிடந்த கம்பெனி போனில் லோகநாதன் பிறந்தார். ஜெரோம் முகத்துக்கு வெளிச்சம் அடிக்க வட்ட விளக்கு வாங்கினான். எனக்கு நெஞ்செரிச்சல் மாத்திரை வாங்கினார்கள்.

இதற்கிடையே பேங்கிலிருந்து பிடித்தம், பிடித்தம் என்று மெசேஜ் வந்துகொண்டிருந்தது உண்மைதான். பேங்க் எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டுதானே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஜெரோமின் மகனுக்குப் புதுநன்மை, அதாவது சர்ச்சில் முதல் முறை நற்கருணை வாங்கும் நாள். கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற வழியில், கடன் வாங்கிக் கட்டிய அவனுடைய புது வீட்டில் விருந்து. பிரியாணி பாதியில் இருக்கும்போது ஜெரோம் எழுந்து நின்றான்.

"நாளைக்கி வேலைய விட்றலாம்னு இருக்கறேன்" என்றான். "ஒரு ரூபா வாரத்துல சேர்றவங்க நெறைய பேரு போயிடறாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா நாலு பேரு தங்கிட்டாங்க. கிளாசுக்குக்கூட வர்றதில்ல, ஆனா மாசாமாசம் பணம் வந்துடுது. ஷிஃப்ட்டுக்காரங்க போலருக்குது, பதிவு பண்ணத பாத்துப் படிக்கறாங்க. வேலைய விட்டு நேரம் கெடச்சா இத நாலு நூறா ஆக்கிடுவேன்."

ரோஸியின் முகம் வாடிவிட்டது. வீட்டுக் கடனுக்கு அவன் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தார்கள். ஜெரோமுக்கு அண்ணன் ஸ்தானத்தில் இருக்கும் நான் அப்போது என்ன யோசித்திருக்க வேண்டும்? நான் யோசித்தது இதுதான்: இனிமேல் இவன் லுங்கியோடு வீட்டில் உட்கார்ந்து சம்பாதிப்பான், நான் மட்டும் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓட வேண்டும்.

அந்த நாலு பேருக்கும் எல்லோர் முன்னாலும் நன்றி சொல்ல வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு அழைத்தான். முதலில் முருகேசன். என் சட்டைப் பை அடித்தது. சட்டென்று கட் பண்ணிவிட்டேன். முருகேசன் சார் பிசி போல என்றான். அடுத்தது பிரகாஷ். என் மகள் கையிலிருந்த போன் அடித்தது. யாரோ கூப்பிட்டு கேமைக் கெடுக்கிறார்கள் என்று அவள் கட் பண்ணினாள். ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிமிஷம்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. யார் அந்த ஏமாளி என்பதும் சேர்த்து.

எழுந்து ஓடியிருக்கலாம். கை முழுக்கப் பிரியாணி. அதற்குள் மூன்றாவது மணி என் மாமியார் மடியிலிருந்து அடித்தது. (சத்தத்தைச் சரிபண்ணிக் கொடுத்த புண்ணியவான் நான்தான்.) அவர் நிதானமாக எடுத்துக் காதில் வைத்தார்.

"அலோ, யாருங்க?" என்ற குரல் அறையிலும் கேட்டது, ஜெரோமின் ஸ்பீக்கரிலும் கேட்டது.

ஜெரோம் பழக்கதோஷத்தில், "மல்லிகா மேடங்களா?" என்று கேட்டுவிட்டான்.

"மல்லிகாவா? நான் உன் மாமியா பேசறேம்ப்பா. எதுத்தாப்பல இருந்துகினு எதுக்கு போன் பண்ற?"

அந்த போனைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெரோம் நாலாவது நம்பரை அழைக்கவேயில்லை.

"அண்ணா, லோகநாதனும்..?" என்று மெதுவாகக் கேட்டான்.

தலையாட்டினேன்.

முதலில் சிரித்தது ரோஸிதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, பெரிய கறித்துண்டாகப் பார்த்து நாலு என் தட்டில் வைத்தாள். செலின் சிரிக்கவில்லை. பேங்க் மெசேஜ்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஜெரோம் முதல் ஷிஃப்ட்டுக்குப் போனான். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆப்பை அழித்தால் மட்டும் போதாது, எங்கே அமுக்கினால் பிடித்தம் நிற்கும் என்று ஒவ்வொரு பெயராகப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். ஒரு ரூபாய்க்கு வந்த மற்றவர்களெல்லாம் இதைத் தெரிந்துகொண்டு ஆறாம் நாளே அமுக்கிவிட்டுப் போனவர்களாம். அவனை நம்பித் தங்கியவன் என்று உலகத்தில் ஒரே ஒருவன்தான், அதுவும் வயிற்றெரிச்சலில். "பரவாயில்லண்ணா, உங்களாலதான் நாலு மாசம் சந்தோஷமா இருந்தேன்" என்றான். அவனுடைய அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பொறுக்கவில்லை.

போன வாரம் எங்கள் தெருமுனையில் ஒருவர் புதிதாகப் பரோட்டா கடை போட்டார். முதல் நாளே வாசலில் நிற்க இடமில்லை. ஊரே இவனிடம் ஏமாறுகிறது என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"அந்தக் கூட்டத்துல நீங்க எத்தன பேரு மாப்ள?"