தொண்ணூற்றாறுக்கு அடுத்து நூற்றுப் பதிமூன்று

பெருமதிப்புக்குரிய பதிப்பாளர் அவர்களுக்கு,

மின்சார அலுவலகத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்ற வாசகன் ஒருவன் பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புத்தகம் தைக்கும் பைண்டரை மட்டும் நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

வருஷக் கடைசி விடுமுறைக்குச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பிளாஸ்க் கொடுப்பது என் வழக்கம். இந்த முறை மருமகன், "மாமா, இனிமே பிளாஸ்க் வைக்கத் தனி ரூம்தான் கட்டணும்" என்று சொல்ல, எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நம் ஊர்க்காரர் எழுதி, நம் ஊரிலேயே அச்சான புத்தகமாகக் கொடுப்போம் என்று, பல் டாக்டர் எழுதித் தாங்கள் வெளியிட்ட துப்பறியும் நாவலில் ஒரு கட்டு வாங்கினேன். சம்பந்திக்குப் போன பிரதியில் நடுவில் சில பக்கம் தலைகீழ். கதாநாயகனுக்குத் தலை சுற்றுவதைக் காட்டும் புது உத்தி என்று அவர் போனில் மெச்சினார். சம்பந்தியாயிற்றே, நானும் ஆமாம் போட்டேன். என் பிரதியில் நடந்ததுதான் அநியாயம். வைர மோதிரத்தைத் திருடியது யார் என்று சொல்லத் துப்பறிபவர் வாயைத் திறக்கிறார், தொண்ணூற்றாறாம் பக்கம் முடிகிறது, எதிர்ப்பக்கம் நூற்றுப் பதிமூன்று, எல்லோரும் நிம்மதியாகக் காபி குடிக்கிறார்கள்! பல் டாக்டரிடமே ஓடினேன். "முடிவை எழுத்தாளன் வாயால சொல்லக்கூடாது சார். நீங்க வாயைத் திறங்க" என்றவர், கேட்ட கேள்விக்குப் பதிலாக ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார்.

அதே கட்டிலிருந்து ஒரு பிரதியை அக்காவுக்குக் கூரியரில் அனுப்பியிருந்தேன். நேரில் கொடுக்க வழியில்லை. நாங்கள் பேசி மூன்று வருஷமாகியிருந்தது. அப்பா போன பிறகு அவருடைய அலமாரியை நான் எடுத்துக்கொண்டேன், அதிலிருந்த புத்தகங்களை அவள் எடுத்துக்கொண்டாள். "அலமாரியைக் கொடுடா" என்று அவள், "புத்தகத்தைக் கொடு" என்று நான். வார்த்தை தடித்து, பேச்சே நின்றது. இன்று அவள் வீட்டில் புத்தகங்கள் அட்டைப்பெட்டிக்குள், என் வீட்டு அலமாரியில் பிளாஸ்க்குகள். அவள் குரல் கேட்காத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இதைத் தங்களிடம் சொல்வதற்கென்ன, அவளிடம்தான் சொல்ல முடியவில்லை.

போன வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. நலமா கிலமா ஒன்றும் இல்லை. "டேய், என் புத்தகத்துல பதினாறு பக்கம் ரெண்டு தடவை இருக்கு. அப்ப யாருக்கோ இல்லாமப் போயிருக்கணும். அது நீயாத்தான் இருப்பே, உன் ராசி அப்படி."

"ஆமாக்கா. திருடினது யாருக்கா?"

"போன்லயெல்லாம் சொல்ல மாட்டேன். வேணும்னா வந்து படி."

போனேன். உதிரியாகப் பதினாறு பக்கத்தை என் கையில் வைத்தாள். தன் பிரதியை மட்டும் மடியைவிட்டு இறக்கவில்லை, தொடவும் விடவில்லை. சின்ன வயதில் ஒவ்வொரு விடுமுறைக்கும் அப்பா உள்ளூர் அச்சகத்திலிருந்து ஒரே ஒரு புத்தகம் வாங்கி வருவார். பொறுமை யாருக்கு? அக்கா அதை நடுவில் பிரித்து, முதல் பாதியைத் தான் வைத்துக்கொண்டு மீதியை என்னிடம் தள்ளுவாள். அதனால் இன்றுவரை எந்தக் கதையிலும் யார் செத்தார்கள் என்று எனக்குத் தெரியும், யார் அவர்கள் என்றுதான் தெரியாது. தரையில் முதுகோடு முதுகு சாய்ந்து படித்த அந்த மத்தியானங்கள் அப்படியே திரும்பி வந்துவிட்டன. திருடன் யாரென்று படித்து நான் "அட!" என்றதும், அன்று போலவே, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள். சொல்லவே இல்லை, ஐயா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பல் பிடுங்கிய வலி என்று சமாளித்தேன்.

அது வேறு, குற்றம் வேறு. ஒரு பிரதியில் குறைத்தும் இன்னொன்றில் இரட்டித்தும் தைத்த கைக்கு என்ன தண்டனை? எங்கள் இருவருக்கும் உடனே முழுப் பிரதி அனுப்பவேண்டும். பைண்டருக்கு ஒரு நல்ல மூக்குக்கண்ணாடி வாங்கித் தரவேண்டும்.

தங்கள் எந்திரங்கள் எண்ணெய்க் குறைவின்றி நீடூழி ஓட வாழ்த்தும்,
மீட்டர்காரன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அக்கா புத்தகத்துல என்ன குறை? உங்களுக்குப் பக்கம் இல்லைன்னு நான்தான் அவங்களுக்குப் போன் பண்ணேன். 'அப்படியா? நீ போனை வை, பிளேடைத் தேடணும்'னாங்க" என்றாள். ஆகவே இரட்டித்த குற்றச்சாட்டு வாபஸ். முழுப் பிரதி எதுவும் அனுப்பிவிடாதீர்கள். அவள் பக்கங்கள் என்னிடம் இருக்கும்வரைதான் எனக்கு அங்கே போக ஒரு சாக்கு. நாளைக்குப் போகிறேன். அலமாரியும் வண்டியில் ஏறிவிட்டது. அதிலிருந்து இறக்கிய பிளாஸ்க்குகளில் நல்லதாக ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பைண்டரிடம் கொடுத்துவிடுங்கள்.