பனி அன்னத்துக்குக் கம்பளி

“ஐஸுக்குப் போய் எவன்யா கம்பளி போத்தினது?”

விருந்து மண்டப மேனேஜருக்கு விழி பிதுங்கிவிட்டது. மர மேடையில், மண்டபத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காய்ச்சல்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது பனிக்கட்டியில் செதுக்கிய அன்னம். செதுக்கிய சிற்பி சாப்பிடப் போயிருந்தான்.

காலையில்தான் முதலாளி சொல்லியிருந்தார்: “சாயங்காலம் என் பொண்ணு விருந்துல அன்னம் நிக்கணும். அது நிக்கலேன்னா நீயும் இங்க நிக்கக் கூடாது.”

“போத்தினா நமக்கே வேர்க்குது, அதுக்கு வேர்க்காதா?” என்று கம்பளியை உருவினார் மேனேஜர்.

“வண்டியிலயும் ரெண்டு கம்பளி போத்தியிருக்கு சார்,” என்றார் மண்டபத்து டிரைவர்.

“மண்டபத்துச் சொத்தை என்னன்னு நினைச்சான் அவன்? அதையும் உருவுய்யா!”

டிரைவர் ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் அன்னத்தின் அலகு சொட்டியது. மேனேஜருக்குப் பகீரென்றது. மர மேடையைத் தொட்டார், சாதாரணமாக இருந்தது. பக்கத்து அலுமினிய மேஜையைத் தொட்டார், சில்லென்றது.

“அட, இதுல்ல குளிர்ச்சி! தூக்கி இதுல வைங்கப்பா!”

வைத்தார்கள். கைச்சூட்டை உறிஞ்சியதால்தான் சில்லென்றிருந்தேன் என்று மேஜை வாய் திறந்து சொல்லவில்லை. மண்டபத்துச் சூட்டையெல்லாம் வாங்கி வாங்கி அன்னத்தின் அடிவயிற்றுக்கு அனுப்பியது. அன்னம் வாத்தானது.

“ஃபேனைப் போடு! பெரிய ஃபேன்!”

வெக்கைக் காற்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. வாத்து, கோழிக்குஞ்சானது. மேனேஜர் தலையில் கைவைத்து ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஏப்பம் விட்டபடி வந்த சிற்பி வாசலிலேயே நின்றுவிட்டான்.

“ஐயையோ! கம்பளி எங்க சார்?”

“சூடா இருக்குமேன்னு எடுத்துட்டேன்...”

“கம்பளிக்கு ஏது சார் சொந்தச் சூடு? அது வெறும் காவக்காரன். நம்ம சூட்டை வெளிய விடாது, வெளிச் சூட்டை ஐஸ்கிட்ட விடாது. அவ்வளவுதான்.”

“என் வேலை போச்சேய்யா!” மேனேஜருக்கு அழாத குறை.

சிற்பி சிரித்தான். “எங்கயும் போகாது சார். இது கழுத்துல கீறல் விட்டது. ஜூஸுக்கு உடைக்கலாம்னு வச்சிருந்தேன். நிஜ அன்னம் வண்டியில பத்திரமா இருக்கு.”

போன உயிர் திரும்பி வந்தது. மேனேஜர் எழுந்து சிற்பியை அப்படியே கட்டிக்கொண்டார்.

இரண்டு கம்பளிகளைத் தோளில் போட்டுக்கொண்டு டிரைவர் உள்ளே வந்தார்.

“நீங்க சொன்னபடி உருவிட்டேன் சார். பாவம், அதுக்கும் ரொம்ப வேர்த்துச்சு. காத்து வாங்கட்டும்னு வெயில்ல கதவைத் திறந்து விட்டிருக்கேன்.”