விமல்ராஜ் தலைக்கு முடி வந்த விவரம்

மாண்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் மொய்னுதீன் பாய் அவர்களுக்கு,

திருவண்ணாமலையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் திருமலை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கச்சி முதிந்தாவும் மகன் விமல்ராஜும் சுகம். சென்னையில் நீங்களும் சாயிரா பானுவும் மகள் டாக்டர் தஹ்சீனும் சுகமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கை கூப்புகிற படம் ஒன்று அனுப்பினால் போதும் என்றான் பையன். நீங்கள் செய்த உதவிக்கு அந்த மஞ்சள் கை எந்த மூலைக்கு?

முதலில் சேதி: முடி வந்துவிட்டது. நெற்றியிலிருந்து உச்சிவரை மண்டை தெரியவில்லை.

மச்சான், ஜாம்பியாவில் வேலை பார்த்தபோது முதிந்தாவைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து இறங்கினேனே, சொந்தக்காரர்கள் எல்லாம் தள்ளி நின்று வேடிக்கை பார்க்க, "இது என் தங்கச்சி" என்று முன்னால் வந்தவர் நீங்கள். விமலுக்கு முதல் மொட்டை போடத் தாய்மாமன் மடி வேண்டும் என்றபோது, அவளோடு பிறந்தவர்கள் எல்லாம் லுசாகாவில் இருக்க, கோயில் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவரும் நீங்கள்தான். அவன் உங்கள் வெள்ளை வேட்டியை நனைத்ததை முதிந்தா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அந்தத் தலையில் பிறகு முளைத்தது இரண்டு வீட்டு முடி. பக்கவாட்டிலும் பின்னாலும் அம்மாவுடையது, இறுக்கிச் சுற்றிய ஸ்பிரிங் மாதிரி. உச்சியில் என்னுடையது, சும்மா அலை அலையாக. முப்பது வயதில் கொட்டியது என் பங்கு மட்டும்தான் என்பதை உங்கள் தங்கச்சி சாப்பாடு போடும்போதெல்லாம் ஞாபகப்படுத்துவாள். பையன் தொப்பி போட்டான். ஆபீசுக்குத் தொப்பி, கிரிவலத்துக்குத் தொப்பி, வீட்டில் டிவி பார்க்கவும் தொப்பி. கீழ்பென்னாத்தூரில் தேவிப்ரியாவைப் பெண் பார்க்கப் போனபோதும் அதே தொப்பியோடு உட்கார்ந்திருந்தவன், பெரியவர்கள் காலில் விழக் குனிந்தான், தொப்பி உருண்டு போய் அவள் தாத்தா மடியில் விழுந்தது. பெண் உள்ளே காபி கலந்துகொண்டிருந்ததால் பார்க்கவில்லை என்று நினைத்து நிம்மதியானோம். அவர்கள் சம்மதம் சொல்லி அனுப்பியும் இவன், "தலையில முடி வந்தாத்தான் மணவறையில உக்காருவேன்"னு ஒரே பிடிவாதம்.

பிறகுதான் பின்மண்டை முடியை வேரோடு எடுத்து முன்னால் நடுகிற அந்த முதல் கிளினிக். பேர் வேண்டாம், வயிறு எரியும். சுருள் முடியைப் பார்த்துப் பழக்கமே இல்லாத மனுஷன், தலையைச் சரியாகக்கூடப் பார்க்காமல், பின்மண்டையில் நேராகக் குத்தி எடுத்தால் பாதி வேர் அறுந்து வருது. "என்னாங்க உங்க பையன் முடி கோணலா இருக்கு"ன்னு என்னையே கேக்கறார். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? அன்னைக்கு ராத்திரி உங்களுக்குப் போன் போட்டு நான் அழுதது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்.

நீங்க சொல்லித்தான் உங்க மககிட்ட வந்தோம், தஹ்சீன் நல்லா இருக்கணும். எடுத்த எடுப்புலேயே, "மாமா, இந்த மாதிரி முடி தோலுக்கு மேல மட்டும் சுருளாது, உள்ள வேரும் வளைஞ்சுதான் இருக்கும், அது போற வழியிலேயே நாமளும் போவணும்"னு எனக்கே படம் போட்டு விளங்க வெச்சுது. காதுக்குப் பின்னாடி கொஞ்சூண்டு எடத்துல செஞ்சு பாத்து, தழும்பு புடைக்குதான்னு மாசக்கணக்கா காத்திருந்து, அப்புறம்தான் முன்னாடி நட்டுது. சுருள் முடி கம்மியா நட்டாலே ஜாஸ்தி எடத்தை மறைக்கும்னு அது சொன்னப்போ உங்க தங்கச்சி என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க.

நட்டு ஒரு வாரம்கூட ஆகலை, ஆடி வந்துடும்னு பொண்ணு வீட்டுல நிச்சயதார்த்தத்தை வெச்சுட்டாங்க. தலையில எதுவும் படக்கூடாதுன்னு தஹ்சீன் கண்டிப்பா சொல்லியிருக்கு. ஆனா வந்தவங்க எல்லாம் கை நெறைய அட்சதையோட நிக்கறாங்க! நான் துண்டை விரிச்சு விமல் தலைக்கு மேல பந்தல் மாதிரி பிடிச்சுக்கிட்டு நின்னேன். "ஆசீர்வாதம் பண்ண வுடாத அப்பனை இப்பதான் பாக்கறேன்"னு சம்பந்தியம்மா அருணாதேவி சொன்னது இன்னும் காதுலயே இருக்கு.

இவ்வளவு காவல் காத்த முடி, ஆடியில ஒண்ணொண்ணா தலகாணியில வந்து விழுந்துச்சு. நட்டது மொதல்ல கொட்டிட்டு அப்புறம்தான் முளைக்கும்னு தஹ்சீன் விமல்கிட்ட சொல்லித்தான் அனுப்பியிருக்கு. இந்தப் புண்ணியவான் எங்ககிட்ட மூச்சு வுடலை. நான் ஒரு வேளை சோறு தின்னலை. முதிந்தா பௌர்ணமிக்குத் தனியா மலை சுத்திட்டு வந்து, "கவலைப்படாதீங்க, சாமிகிட்ட பேசிட்டேன்"னா. என்ன பேசினேன்னு கேட்டா, சோத்தைப் போட்டு முன்னாடி வெச்சுட்டா.

கார்த்திகை தீபத்தன்னிக்கு மொட்டை மாடியில நின்னு எல்லாரும் மலையைப் பாத்துக் கும்பிடறோம், நான் மட்டும் பையன் நெத்தியைப் பாத்துக் கும்பிட்டேன். சின்னச் சின்னதா சுருண்டுக்கிட்டு வந்திருந்துச்சு, மச்சான். இப்போ தொப்பியை எங்க வெச்சான்னு அவனுக்கே தெரியலை. கண்ணாடி முன்னாடி நின்னு பாட்டு வேற. வைகாசியில கல்யாணம். என் பிள்ளை மறுபடி சிரிக்கிறான்னா அது உங்க வீட்டாலதான்.

சாயிரா பானுவுக்கு என் நமஸ்காரம். தஹ்சீனின் கை பட்ட தலையெல்லாம் செழிக்கட்டும். உங்கள் குடும்பத்துக்குக் குறை ஒன்றும் வராமல் நீங்கள் தொழும் இறைவனும் நாங்கள் கும்பிடும் அண்ணாமலையாரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
என்றும் நன்றி மறவாத
திருமலை

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது முதிந்தா வந்து பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு மலை சுற்றும்போது சாமியிடம் பேசியதை இப்போதுதான் சொல்கிறாள். "முடி மட்டும் வந்துட்டா, வந்த முடிய கல்யாணத்துக்கு முன்னாடி உனக்கே குடுத்துடறேன்"னு வேண்டிக்கிட்டாளாம். வேற எதுவுமா கெடைக்கலை? நாப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவன் வீட்டுல கணக்கு சைபர்ல வந்து நிக்குது.

விமல் எந்திரிச்சு மறுபடி தொப்பியைத் தேட ஆரம்பிச்சான். அப்புறம் தேவிப்ரியாவுக்குப் போன் போட்டு, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். அந்தப் பொண்ணு சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டுச்சு. "தாத்தா மடியில தொப்பி விழுந்தப்போ கதவுக்குப் பின்னாடி நான்தான நின்னுட்டு இருந்தேன். அந்தத் தலையப் பாத்துதான் சரின்னே சொன்னேன். போயி மொட்ட போட்டுக்கிட்டு வாங்க"ன்னுச்சு.

தஹ்சீனையும் கேட்டாச்சு. வேர் புடிச்சிடுச்சாம், திரும்ப வளருமாம். சுருள் முடிங்கறதால ஒட்டச் சிரைச்சா தோலுக்குள்ளயே சுருண்டு புண்ணாகும், கத்தி கூடாது, மிஷின்தான்னு சொல்லுது. மிஷினுக்கு சாமி ஒத்துக்குவாருன்னு முதிந்தா சொல்லிட்டா, அவங்க ரெண்டு பேரும் பேசிக்கறாங்க.

ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. "மொட்டை போடறதுன்னா பாய் மாமா மடியிலதான்"னு பையன் உறுதியா நிக்கறான். இப்போ எடை எண்பது கிலோ. உங்க முட்டி வலி எனக்குத் தெரியும், தலகாணி நான் கொண்டாரேன். வெள்ளை வேட்டியே கட்டிக்கிட்டு வாங்க, இந்த தடவை நனைக்க மாட்டான்.