கரடியார் கை ஆட்டிய வாரம்

என் மேல் கோபமாக இருந்தாலும் அன்பு குறையாத அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி, கல்யாணப் பையன் மூவரும் சௌக்கியம். அங்கே நீ சௌக்கியமா என்று கேட்க ஃபோன் போட்டால் ஒவ்வொரு தடவையும் அத்தான்தான் எடுக்கிறார். "அவ குளிக்கிறாப்பா" என்கிறார். காலையில் குளிக்கிறாய், மத்தியானம் குளிக்கிறாய், விளக்கு வைத்த பிறகும் குளிக்கிறாய். உங்கள் ஊரில் தண்ணீர்க் கஷ்டம் என்று செய்தியில் சொன்னது சுத்தப் பொய் போலிருக்கிறது. ஆயுசு பூராவும் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவனிடம் இந்தக் கதை செல்லுமா? அதனால்தான் கடிதம். இதையாவது ஈரக் கையைத் துடைத்துவிட்டு முழுசாகப் படி.

பையனுக்குப் பெண் பேசி முடித்த அன்று சித்தப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சாப்பாடு நடுவில், புதுச் சம்பந்தி வீட்டார் முன்னால், "இதான் எங்க வீட்டு டிவி ஸ்டார். நடிச்சா, ஆனா யார் கண்ணுக்கும் தெரியலை!" என்று உன்னைக் காட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு போனவள்தான் நீ. கல்யாணத்துக்கு வரமாட்டாயாம். "பொய்க்காரி இல்லாமலே நடத்திக்கட்டும்" என்றாயாம். அக்கா, அவன் பிறந்தபோது நழுவ விட்டுவிடுவேனோ என்று பயந்து நான் சுவரோரம் நின்றேன். முதலில் அவனைக் கையில் வாங்கியவள் நீ. நீ வராமல் அவன் கல்யாணத்தை நான் எந்த முகத்தோடு நடத்துவேன்? எனவே, நீ பொய் சொல்லவில்லை என்று நிரூபித்துவிட்டுத்தான் மறுவேலை என்று கிளம்பினேன்.

கிளம்பினது சரி, எங்கே போவது? "கரடியார் கடை" என்று, சின்ன வயசில் நீ வந்ததாகச் சொன்ன ஒரு டிவி நிகழ்ச்சி இருந்தது என்பதே இன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை சாயந்திரம் ஒரு பொம்மைக் கரடி கடை வைத்து உட்கார்ந்திருக்கும், பிள்ளைகள் எந்தக் கடையிலும் கிடைக்காத சாமானாகக் கேட்பார்கள், "நாளைக்கு கால் கிலோ", "விக்கல் ரெண்டு" என்று. கரடியார் முகத்தைச் சுளிக்காமல் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். இதை விளக்கினால், "உங்களுக்கு பிரஷர் மாத்திரை மாத்தினாங்களா?" என்கிறாள் என் வீட்டுக்காரி.

கடைசியில் பழைய நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசுகிற ஒரு குழுவைப் பையன் ஃபோனில் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டான். அங்கே நாலைந்து பேருக்குக் கரடியாரைத் தெரிந்திருந்தது. ஆனந்தத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீலத் தலையும் பச்சை வயிறுமாக என்ன அழகான கரடி!" என்று எழுதினேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். கரடி பழுப்பு நிறமாம். நான் பார்த்தது கரடியா கிளியா என்று கேட்டான் ஒருவன். நானும் விடவில்லை. ஒரு வாரம் கரடியார் நம்மைப் பார்த்துக் கை ஆட்டினாரே, அதுவாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டில் எல்லோரும் பதிலுக்குக் கை ஆட்டினோமே அக்கா! அதற்கும் சிரித்தார்கள். கரடியாரின் இடது கை எப்போதும் இடுப்பில் கட்டிய ஏப்ரன் பைக்குள்தான் இருக்குமாம். பொம்மைக்குள் இருந்தது ஒரே ஒரு அம்மாளாம். ஒரு கை தலைக்கு, ஒரு கை வலது கைக்கு, மூன்றாவது கைக்கு அவர் எங்கே போவார் என்றார்கள். என்னைப் புளுகன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அன்றைக்குத்தான் அக்கா, இத்தனை வருஷம் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு உறைத்தது. பார்த்ததைச் சொல்லி நம்பாமல் போனால் நெஞ்சு என்னமாய் வலிக்கிறது!

நீலத் தலைக்கு விடை குளிக்கும்போது கிடைத்தது. (ஆமாம், நானும் குளிப்பேன்.) நம் வீட்டு டிவி கறுப்பு வெள்ளை! அதைக் கலர் டிவி ஆக்குகிறேன் என்று அப்பா ஒரு பிளாஸ்டிக் தாளை வாங்கி வந்து திரைமேல் ஒட்டினாரே, மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. செய்தி வாசிக்கிற அம்மா நீலக் கொண்டையோடும் பச்சைக் கழுத்தோடும் வருவார். அது அடிக்கடி வழுக்கி விழுகிறது என்று நாலு ஓரமும் பட்டையாகக் கறுப்பு டேப் போட்டு ஒட்டினார். ஓரத்தில் நிற்பவர்கள் டேப்புக்குப் பின்னால் போய்விடுவார்கள். அட, அக்கா ஓரத்தில் உட்கார்ந்திருந்தால்? தலையைத் துவட்டாமலே வெளியே ஓடி வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? கேட்பானேன். அதற்கு முந்தின வாரம் பள்ளிக்கூடத்தில் உங்கள் வகுப்பைக் கரடியார் கடைப் பதிவுக்குக் கூட்டிப் போனார்கள். அதற்கென்றே, தனக்கு எடுக்க வைத்திருந்த சட்டையை விட்டுவிட்டு உனக்குப் பால்போல வெள்ளை கவுன் வாங்கினார் அப்பா. "நான் டிவியில வர்றேன்பா" என்றாய். பாதித் தெரு நம் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது. உன் வகுப்பில் எல்லோரும் வந்தார்கள். நீ மட்டும் வரவில்லை. "ஏம்மா பொய் சொன்னே?" என்றார் அப்பா, எல்லோர் முன்னாலும். நீ எழுந்து உள்ளே போனாய். அதற்கப்புறம் அந்த டிவி முன்னால் நீ உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சரி, டிவி நிலையத்துக்குப் போனேன். வாசலில் காவலாளி, "யாரைப் பார்க்கணும்?" என்றான். "கரடியை" என்று சொல்லித் தொலைத்தேன். உள்ளே விட மூன்று நாள் ஆயிற்று. டேப் அறையில் ஸ்வெட்டர் போட்ட ஒரு அதிகாரி அம்மாள், "அப்பல்லாம் டேப்புக்கு ஏகத் தட்டுப்பாடு சார். ஒண்ணை அழிச்சுத்தான் இன்னொண்ணு பதிவு பண்ணுவாங்க. உங்க கரடி மேல கோழி வளர்ப்பு இருக்கு" என்றார். இருந்தாலும் பரவாயில்லை, போட்டுக் காட்டுங்கள் என்றேன். காட்டினார். முழுக் கோழி வளர்ப்பையும் பார்த்தேன் அக்கா. கோழியைப் பயமுறுத்தக் கூடாது, பயந்தால் முட்டை இடாது. மனுஷிக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். கோழிக்காரர் வணக்கம் சொன்னார், திரை ஒரு உதறு உதறியது, மிச்சமிருந்த டேப்பில் நம் கரடியார்! கடைசிக் கொஞ்சம் மட்டும் அழியாமல் தப்பியிருந்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கரடியார் இடது கையைப் பையிலிருந்து எடுத்து ஆட்டுகிறார்! "பார்த்தீங்களா, நான் புளுகன் இல்லை!" என்று கத்தினேன். அந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தார்.

அந்த வரிசையின் இடது கோடியில் ஒரு பெண், பாதி முகம்தான் தெரிகிறது. நம் வீட்டு டிவியின் கறுப்பு டேப் சரியாக மறைத்திருக்கும் இடம். அது நீதான் அக்கா! ஃபோனில் படம் பிடித்து உன் மகளுக்கு அனுப்பியிருக்கிறேன். நீ பொய் சொல்லவில்லை. அப்பாவும் வேண்டுமென்று சொல்லவில்லை, அவர் ஒட்டின டேப் அவர் கண்ணையே கட்டிவிட்டது. அவர் இருந்திருந்தால் முதலில் உன்னிடம் ஓடி வந்திருப்பார். அவருக்குப் பதில் நான் வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள். கல்யாணத்துக்கு வா.

அத்தானுக்கு என் வணக்கம். உன் மகளுக்கு நீண்ட ஆயுசும் நல்ல நெட்வொர்க்கும் கிடைக்கட்டும்.

உன் கையால் வளர்ந்த,
தம்பி

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவும்போது, மகள் காட்டின படத்தைப் பார்த்துவிட்டு நீயே ஃபோன் பண்ணிவிட்டாய். மேலே எழுதினதெல்லாம் வீண். கிழிக்கப் போனேன், "கிழிக்காதேடா, அனுப்பு" என்றாய். சித்தப்பாவுக்கும் ஒரு நகல் போகிறது என்பதால், நீ சொன்னதை உனக்கே திருப்பி எழுதுகிறேன்.

"அந்த ஓரத்துல இருக்கிறது நான் இல்லடா" என்றாய். "வெள்ளைத் துணி கேமராவுக்கு ஆகாதாம். கண்ணைக் கூசுதுன்னு என்னை வரிசையிலேர்ந்து எழுப்பி விட்டுட்டாங்க. மூலையில நின்னு அழுதேன். கரடிக்குள்ள இருந்த அம்மா கூப்பிட்டு, மேஜைக்கு அடியில உட்கார வச்சு, 'இன்னைக்கு நீதான் இடது கை'ன்னாங்க."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன அக்கா?"

"எப்படிடா சொல்லுவேன்? அவருக்குச் சட்டை எடுக்காம எனக்கு வாங்கின கவுன். அதனாலதான் என்னை எழுப்பி விட்டாங்கன்னு அப்பாகிட்ட எந்த வாயால சொல்லுவேன்? அப்புறம், யாராவது என்னைக் கேட்டீங்களா? எல்லாரும் என் மூஞ்சியைத்தானே தேடினீங்க."

கல்யாணத்துக்கு வருகிறேன், சித்தப்பாவை எனக்கு எதிரில் உட்கார வை என்றாய். அப்படியே ஆகட்டும்.

பிறகு மெதுவாகக் கேட்டாய்: "அந்தக் கையை நான் அப்பாவுக்காகத்தான்டா ஆட்டினேன். அவர் அதைப் பார்த்தாரா? நான் பயந்துக்கிட்டு தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன்."

பார்த்தார் அக்கா. நான் அவர் மடியில்தான் இருந்தேன். கரடியார் கை ஆட்டினதும் என் கையைப் பிடித்துத் தூக்கினார், நான் ஆட்டினேன். அப்பாவும் ஆட்டினார். மற்றவர்கள் நிறுத்தின பிறகும், கரடியார் போகிற வரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

இதைச் சொன்னதும் ஃபோன் கை மாறியது. வாங்கினது அத்தான். "அவ குளிக்கிறாப்பா" என்றார்.