கரடிக்குட்டியும் பாயச அண்டாவும்

ஒரு காட்டில் ஒரு கரடிக்குட்டி இருந்தது. காட்டில் என்றா சொன்னேன்? கொக்கு நடத்தும் சீர்திருத்த இல்லத்தில் அடைபட்டுக் கிடந்தது. யாருடைய மரத்துத் தேனடையையோ நக்கிவிட்டதாம். கரடி தேனை நக்காமல் வேறென்ன, பஜனையா பண்ணும்?

அம்மாக்கரடி நாயாய் அலைந்தாள். முதலில், குட்டியைப் பிடித்த போலீஸ் ஏட்டு நாயையே போய்க் கேட்டாள்.

"பிடிக்கிறதோட என் வேலை முடிஞ்சுதும்மா. கொக்கைப் போய்ப் பாரு."

கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. "சோறு போடறதுதான் என் பொறுப்பு. விடறதுக்கு நீதிபதி சொல்லணும்."

நீதிபதி ஆந்தை பகலெல்லாம் தூங்கும், ராத்திரியில்தான் விசாரிக்கும். "நாய் வந்து சாட்சி சொன்னா இன்னைக்கே விட்டுடறேன்" என்றது. நாய்க்கோ ராத்திரியில் ரோந்து. எங்கே உருப்படும்?

சங்கதி சிங்கராஜா காதுக்குப் போனது. மூவரும் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர்களும் ஒருங்கிணைப்புக் கூட்டம் போட்டார்கள். ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். போட்டோவில் யார் நடுவில் நிற்பது என்று வாக்குவாதம் முற்றிக் கூட்டம் கலைந்தது. அடுத்த கூட்டமும் அப்படியே. குட்டியைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. வெளியே அம்மா வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

மூன்றாவது கூட்டத்துக்கு விருந்து ஏற்பாடாகியிருந்தது. இலை போட ஆள் இல்லையென்று கொக்கு குட்டியையே கூட்டிவந்தது. வேலிச் சந்தில் அம்மா கிசுகிசுத்தாள்.

"கண்ணு, இவங்க உனக்காக ஒண்ணு சேர மாட்டாங்க. அந்தப் பாயச அண்டா தெரியுதா?"

குட்டிக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்டாவுக்குள் இறங்கி, அடிவரை நக்கித் துடைத்து, ஏப்பம் விட்டது.

காலி அண்டாவைப் பார்த்த ஆந்தைக்குப் பட்டப்பகலில் கண் திறந்தது. "சாட்சி உண்டா?"

"நானே கண்ணால பார்த்தேங்கய்யா" என்றது நாய்.

"இவன் இருந்தா நமக்கு ஒரு வாய் மிஞ்சாது" என்றது கொக்கு.

"இப்பவே ஆத்தாகிட்ட தள்ளிவிடுங்க" என்றது ஆந்தை. வாழையிலையிலேயே தீர்ப்பு எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். ரசம் ஆறுவதற்குள் வழக்கு முடிந்தது.

போகிற வழியில் குட்டி அம்மா முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"அம்மா, நரிக்குட்டியும் முயல்குட்டியும் இன்னும் உள்ளதான் இருக்காங்க."

"அடுத்த கூட்டம் எப்போன்னு காதுல விழுந்துச்சா?"

"வெள்ளிக்கிழமை. வடையும் உண்டாம்."

நீதி: பந்திக்கு முந்து. அதிகாரிகளுக்கும் முன்னால் முந்தினால் பிள்ளை வீடு வந்து சேரும்.