அக்காவுக்கு நான் போட்ட நாலாம் நம்பர் காற்று

கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போனில் ஒரு வீடியோவும் கிடைத்துவிட்டால் எவனும் தன்னை மெக்கானிக் என்று நினைத்துக்கொள்வான். நானும் நினைத்துக்கொண்டேன். தண்டனையை மட்டும் என் அக்கா அனுபவித்தாள்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே. என் கார் பழசு. அதன் ப்ளோயர், அதாவது டேஷ்போர்டுக்குள்ளிருந்து காற்றை ஊதும் ஃபேன், தேய்ந்துபோய் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. (ஹீட்டருக்கும் அதே ஃபேன்தான். எங்கள் ஊர் காருக்கு ஹீட்டர் வைத்த புண்ணியவானை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்.)

அந்த வாரம்தான் கலா அக்காவை கிண்டியில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. பத்து வருடமாகக் குடோனில் நின்றுகொண்டே பில் போட்டவள். உட்கார நாற்காலி, பி.எஃப்., ஞாயிறு லீவு என்று ஆசைப்பட்டு ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் இங்கிலீஷ் பேசிப் பார்த்தாள். நீலக் கரை வைத்த வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி வைத்திருந்தாள்.

"நான் மெட்ரோல போய்க்கிறேண்டா."

"ஸ்டேஷனுக்கு நடக்கிறதுக்குள்ள சேலை கலீஜாயிடும்க்கா. நான் கார்ல இட்டுகினு போறேன்."

இந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் என்னையே அறையத் தோன்றுகிறது.

புது ஃபேனை வாங்கிக் கொடுத்தவர் பக்கத்துத் தெரு மெக்கானிக் பாஷா பாய். "பழச கழட்டிட்டு உள்ள நல்லா கிளீன் பண்ணு மாமு. அப்பால புச்ச மாட்டு. நம்ம ஏரியா வண்டி," என்றார். "தெரியும் பாய்," என்றேன். தெரியாது.

டேஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகக் கிடந்து மூன்று ஸ்க்ரூவைக் கழற்ற அரை நாள் ஆனது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். காற்று வரும் வழி முழுக்கக் கறுப்பாக, மெத்தென்று ஏதோ இருந்தது. சத்தம் கேட்காமலிருக்கக் காரோடு சேர்த்தே ஒட்டிய ஸ்பாஞ்சு என்று முடிவு கட்டினேன். (சிரிக்காதீர்கள். தினம் இரண்டு வேளை டி.வி. மேலிருந்து அனல்மின் நிலையத்துக் கரித்தூளைத் துடைத்து வளர்ந்தவனுக்கு, கறுப்பு எல்லாம் அந்தந்தப் பொருளின் சொந்த நிறம்தான்.) பிய்ந்திருந்த ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டவும் செய்தேன். புது ஃபேனை மாட்டி, வேகத்தை ஒன்றாம் நம்பரில் வைத்தேன். சத்தமில்லாமல் இதமாக வந்தது. கர்வம் தாங்கவில்லை.

இன்டர்வியூ அன்று காலை, தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் இரண்டு லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். அக்காவுக்கு வியர்த்தது. கண்ணாடிகளை ஏற்றினேன். காற்று வரும் துளைகளையெல்லாம் பாசத்தோடு அவள் முகத்துக்கு நேராகத் திருப்பி, நாலாம் நம்பருக்குத் தள்ளினேன்.

ஸ்பாஞ்சு தூள்தூளாகக் கிளம்பி வந்தது.

"டேய், இன்னாடா பண்ண?" என்றாள், இருமலுக்கு நடுவே. ஈரக் கர்ச்சீப்பால் துடைத்தாள். சேலையில் விழுந்திருந்த கரித்தூள் குழம்பாகி இன்னும் அகலமாகப் பரவியது.

"வூட்டுக்குப் போய்டலாம்க்கா."

"வண்டிய ஓட்டு," என்றாள்.

கிண்டியில், இன்டர்வியூ அறைக்குள் முதல் கேள்வி, "எங்கேயிருந்து வர்றீங்க?" என்பதாம். அக்கா ஊரைச் சொன்னாளாம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சேலையைப் பார்த்துவிட்டு "ஓ" என்றாராம். ஒரு மாத இங்கிலீஷுக்கு வேலையே வரவில்லை. அவளுக்கும் வேலை வரவில்லை.

என்மேல் எனக்கு வந்த கோபம் ஒருபக்கம் இருக்கட்டும். அந்த 'ஓ'வை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எங்கள் பக்கம் கரி எரிவது யார் வீட்டு விளக்குக்கு? (அவர் தலைக்கு மேலே ஓடிய ஏ.சி.க்கும் சேர்த்துத்தான்.)

மறுநாள் பாஷா பாய் மிச்சத்தைச் சுரண்டி எடுத்தார். அரை பக்கெட் தேறியது. அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வண்டி நம்ம ஏரியாவுக்கு வந்து எத்தினி வருசம் இருக்கும் பாய்?"

"ஏழு இருக்கும்மா."

"நான் முப்பத்தெட்டு வருசமா கீறேன்," என்றாள்.

அக்கா இன்னும் அதே குடோனில் நின்றபடிதான் பில் போடுகிறாள். எங்கள் வீட்டில் யார் இருமினாலும், "எவன்டா நாலாம் நம்பர் போட்டது?" என்று என்னைப் பார்ப்பாள். எல்லோரும் சிரிப்போம். அம்மாதான் அதிகம் சிரிப்பாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வந்துவிடும்.