பன்னிரண்டாம் பாடம்

வாத்தியார் எதிரே இருந்தால் பயம் வரும். வாத்தியார் தபாலில் இருந்தால் காதல் வரும். (வாத்தியார் மேல் அல்ல, நம் மேல் நமக்கே.) இந்த உண்மையைக் கண்டுபிடிக்க நான் கொடுத்த விலை ஒரு தபாலாபீஸ். அதுவும் என்னுடையதல்ல, ஊருடையது.

இளவயதில் நான் மேடைப் பேச்சைத் தபால் மூலம் கற்றுக்கொண்டேன். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் தாதுபுஷ்டி லேகியத்துக்கும் கூந்தல் தைலத்துக்கும் நடுவில் அந்த விளம்பரம் இருந்தது. சென்னையில் ஒரு கழகம். வீட்டை விட்டு நகராமலே சொற்பொழிவாளர் ஆகலாம். பாடங்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் வைக்கோல் நிற உறையில் வரும். படித்து, பழகி, கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்பினால், ஊதா மசியில் திருத்தம் செய்து திருப்பி அனுப்புவார்கள். ஆசிரியரின் பெயர் எங்கும் இராது. 'நன்று. வலக் கையை இன்னும் உயர்த்தலாம்' என்று மட்டும் கடைசியில் இருக்கும். என் கை எவ்வளவு உயர்ந்தது என்பது சென்னையிலிருந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் தெரிந்தவர் என்று நம்பினேன். கையை உயர்த்தினேன்.

நாமகிரிப்பேட்டைக்குக் கிழக்கே, கொல்லிமலை நீலமாகத் தெரியும் தூரத்தில் எங்கள் கொன்னமரத்துப்பட்டி. சாயங்காலங்களில் ஆமணக்குக் காட்டுக்குள் போய் நின்று பேசுவேன். ஆமணக்கு இலைகளைப் பார்த்திருப்பீர்கள்; விரித்த கை மாதிரி இருக்கும். மலைக்காற்று இறங்கும்போது காடு முழுவதும் ஆயிரம் கைகள் மெல்ல அசையும். அந்த மங்கல் வெளிச்சத்தில் அவை என்னை நோக்கிக் கை தட்டுவதாகவே எனக்குத் தோன்றும். பேசப் பேச என் குரல் எங்கோ போய், மலையில் பட்டு, வேறு யாருடைய குரலாகவோ திரும்பி வரும். அந்த வேறு யாரோ மிக நன்றாகப் பேசினார். அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஊரில் தபாலாபீஸ் கிடையாது. ராசிபுரம் சந்தைக்குப் போகிறவர்கள் யாரோ, அவர்கள் கையில் அங்குள்ள தபாலாபீசில் ஊர்க் கடிதங்களைக் கொடுத்தனுப்புவார்கள். அந்தக் கடிதங்கள் பருத்தி மூட்டையோடும் கருவாட்டோடும் வந்து, வேண்டியவர் வீட்டுக்கு வேண்டிய நாளுக்குப் பிறகு போய்ச் சேரும். கண்டித் தோட்டங்களுக்குப் போன பிள்ளைகளின் மணியார்டருக்காகப் பல வீடுகள் காத்திருந்தன. என் பாடங்களும் இப்படித்தான் வந்தன. பதினொன்று வந்துவிட்டது. பன்னிரண்டைக் காணோம்.

பதினோராம் பாடத்தை நான் மனப்பாடம் செய்திருந்தேன். 'கேட்போர் முகத்தைப் பார்த்துப் பேசுக. அவர்கள் ஆமோதிக்கும் வரை அவர்களைக் கைவிடாதீர். ஆமோதிப்பு எப்பொழுது குறைகிறதோ அப்பொழுது முடிக்கத் தொடங்குக. முடிக்கும் முறை அடுத்த பாடத்தில்.'

இந்த நிலையில்தான் தபால் இலாகா அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. எங்கள் ஊரும் பக்கத்து ஊஞ்சக்காடும் தபாலாபீஸ் கேட்டு மனுப் போட்டிருந்தன. கிடைக்கப் போவது ஒன்றுதான். பள்ளிக்கூடம் எங்களிடம் இருந்ததால் அதிகாரிக்கு எங்கள் பக்கம்தான் மனம். மத்தியான பஸ்ஸில் வருவார், ஆபீசுக்கென்று நாங்கள் வெள்ளையடித்து வைத்திருந்த அறையைப் பார்ப்பார், சாயங்கால பஸ்ஸில் போவார். நடுவில் ஒரு சின்ன வரவேற்பு.

மணியகாரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

"நீ தபால்ல பேசப் படிச்சவனாமே. வாரவருக்கு நாலு வார்த்தை நல்லாச் சொல்லிப்போடு, சாமி."

"கடைசிப் பாடம் இன்னும் வரலீங்க, மாமா."

"நாலு வார்த்தைக்கு எதுக்குச் சாமி கடைசிப் பாடம்?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பன்னிரண்டில் பதினொன்று கற்றவன் ஏறக்குறைய முழுச் சொற்பொழிவாளன்தானே. (பாலத்தில் பதினொரு கண் கட்டிவிட்டுப் பன்னிரண்டாவதை விட்டவனும் இப்படித்தான் நினைத்திருப்பான்.)

புளியமரத்தடியில் பந்தல். அதிகாரி ஒல்லியான மனிதர். வெயிலில் வந்த களைப்பு. காபி கொடுத்தார்கள். அறையைப் பிறகு பார்க்கலாம், முதலில் வரவேற்பு என்று நான்தான் சொன்னேன். எழுந்தேன். வலக் கையை உயர்த்தினேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. தபால் என்பது என்ன என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லாததால் நானே சொன்னேன். பழங்காலத்தில் மேகத்தைத் தூது விட்டார்கள், அன்னத்தை விட்டார்கள், கிளியை விட்டார்கள், ஒன்றுக்கும் தபால்தலை கேட்கவில்லை என்றேன். முன்வரிசையில் முத்தண்ணன் என்ற விவசாயி, "ஆமாங்க" என்றார். அவர் சொன்னதும் பின்னால் ஒரு வரிசை, "ஆமாங்க" என்றது. அதற்கும் பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு.

சென்னைக் கழகத்து ஆசிரியருக்கு எங்கள் ஊரைத் தெரியாது. எங்கள் பக்கத்தில் ஒருவர் பேசும்போது சும்மா உட்கார்ந்திருப்பது பேசுகிறவரை அவமதிப்பது. விளங்குகிறதோ இல்லையோ, பிடிக்கிறதோ இல்லையோ, "ஆமாங்க" சொல்லியாக வேண்டும். பேசுகிறவர் இருக்கும் வரை அது இருக்கும். நான் பிறந்து வளர்ந்தது இதே ஊர்தான். எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அச்சடித்த பாடம் கையில் இருக்கும்போது சொந்த ஊர் மறந்துவிடுகிறது. ஆமோதிப்பு குறையட்டும், முடிக்கத் தொடங்குவோம் என்று காத்திருந்தேன். அது குறையவில்லை. கைவிடக் கூடாது என்று பாடம் சொல்கிறது. நான் கைவிடவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கே கனவு மாதிரிதான் நினைவிருக்கிறது. புளிய நிழல் நீண்டுகொண்டே போய் என் காலைத் தாண்டிற்று. ஒரு மேகம் கொல்லிமலையை விட்டுக் கிளம்பி மெதுவாக எங்கள் தலைக்கு மேல் வந்தது. அதையும் பேச்சில் சேர்த்துக்கொண்டேன். கடலில் போகும் கடிதங்களைப் பற்றிப் பேசினேன். நான் கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் அலை தெரிந்தது, கப்பல் தெரிந்தது, கப்பலின் இருட்டு அறையில் நம்மூர்க் கடிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்குவது தெரிந்தது. "ஆமாங்க" என்று அலை வந்து மோதிற்று. அதிகாரியும் தலையை அசைத்துக்கொண்டே இருந்தார். நிதானமாக, கண்ணை மூடி, ரசித்து அசைத்தார். அப்படி ஒரு ரசிகரை ஆமணக்குக் காட்டில்கூட நான் கண்டதில்லை.

எங்கோ தூரத்தில் ஒரு ஹாரன் சத்தம். அதிகாரி திடுக்கிட்டுக் கண் விழித்தார். குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். கூட்டம் முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. பிறகு, பேசுகிறவனுக்கு முதுகைக் காட்டுவது மரியாதையல்ல என்பதால், என் பக்கம் திரும்பி "ஆமாங்க" என்றது. அவர் ஏதோ அவசரக் காரியமாகப் போகிறார், வந்துவிடுவார் என்று நான் தொடர்ந்தேன்.

கடைசியில் மணியகாரர்தான் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

"சாமி, அவரு போயிட்டாரு."

"யாருங்க?"

மணியகாரர் அந்த வெள்ளையடித்த அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

பந்தல் காலியானது. முத்தண்ணன் மட்டும் நின்றார். மடியை அவிழ்த்து ஒரு வைக்கோல் நிற உறையை எடுத்தார்.

"தம்பி, இது உங்குளுதுங்களா பாருங்க. போன சந்தையில குடுத்தாங்க. அப்படியே தம்மம்பட்டிக்குச் சம்மந்தி ஊட்டுக்குப் போயிட்டேன். இன்னிக்குத்தான் வந்தேன்."

"இவ்வளவு நேரம் மடியிலயா வச்சிருந்தீங்க?"

"குடுக்கலாமுன்னுதான் முன்னால வந்து உக்காந்தேன். நீங்க பேச ஆரம்பிச்சுட்டீங்க. நடுவால எந்திரிச்சாப் பேசறவங்களுக்கு மரியாதையா இருக்குமுங்களா?"

பன்னிரண்டாம் பாடம் ஒரே பக்கம். 'சொல்ல வந்ததைச் சொன்னதும் கும்பிட்டுவிட்டு உட்காருக. இதற்கு வேறு முறை இல்லை.'

பஸ்ஸைத் தவறவிட்ட அதிகாரி வரப்பு வழியாக நடந்து ஊஞ்சக்காட்டை அடைந்திருக்கிறார். அங்கே ஒருவர் பனைமரத்தடியில் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். அதிகாரியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நுங்கு கொடுத்தார். வண்டியைப் பூட்டி ராசிபுரம் வரை கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. ஊர் எல்லையில் மட்டும் அதிகாரி, "இந்த ஊரில் ஆபீசுக்கு ஓர் அறை கிடைக்குமா?" என்று கேட்டாராம்.

"கெடைக்குங்க."

அவ்வளவுதான். நான் கேள்விப்பட்டவற்றில் மிகச் சிறந்த சொற்பொழிவு அது. அந்த வருஷமே ஊஞ்சக்காட்டுக்குத் தபாலாபீஸ் வந்தது.

என் கடைசி விடைத்தாளை அங்கே நடந்துபோய்த்தான் போட்டேன். 'மேடையில் பேசிய உமது அனுபவத்தை எழுதுக' என்பது கேள்வி. ஒன்று விடாமல் எழுதினேன். மேகம், அதிகாரி, ஹாரன், முத்தண்ணனின் மடி எல்லாம். ஆசிரியர் எனக்கு ஆறுதலாக நாலு வரி எழுதுவார் என்று ஏங்கிக் காத்திருந்தேன். நற்சான்றிதழோடு விடைத்தாள் திரும்பி வந்தது. கீழே ஊதா மசி: 'நன்று. வலக் கையை இன்னும் உயர்த்தலாம்.'

கொன்னமரத்துப்பட்டியில் எனக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. மணியார்டர் வாங்க வெயிலில் ஊஞ்சக்காட்டுக்கு நடக்கும் ஒவ்வொருவர் வாயிலும் அந்த வழி முழுக்க என் பெயர்தான் அடிபட்டது. ஆனால் ஊஞ்சக்காட்டில் எனக்கு ராஜ மரியாதை. நுங்கு வெட்டியவர் தாமே ஆள் அனுப்பித் தம் பெண்ணைக் கொடுத்தார். கல்யாணத்தில் அவர் என்னிடம் வைத்த ஒரே வேண்டுகோள், பந்தலில் பேச வேண்டாம் என்பது.

பெண்ணும் அப்பாவைப் போலத்தான், சொற்சிக்கனம். பிள்ளைகளுக்கு நான் புத்தி சொல்ல ஆரம்பித்தாலும் சரி, வந்தவர்களிடம் நாட்டு நடப்பை அலச ஆரம்பித்தாலும் சரி, அடுப்படியிலிருந்து ஒரே வாக்கியம்தான் வரும். இப்போது பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தக் கட்டுரையைக்கூட நான் சத்தமாகப் படித்துப் படித்துத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். தபால் வழிக் கல்வியின் தத்துவத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று பேனாவை மசியில் தொட்டு எடுத்தேன்.

"பாடம் வந்துருச்சுங்க" என்றாள் அவள்.

கும்பிடுகிறேன்.